எங்கள் காரும் அக்காவின் சைக்கிளும்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. காரின்மேல் போட்டாலும் அளந்துதான் போட வேண்டும் என்பது எங்கள் வீட்டின் இவ்வாண்டு அனுபவம். சிறிய காரில் சைக்கிளை ஏற்றிச் செல்ல எத்தகைய கேரியர் ஏற்றது என்பதே என் கட்டுரையின் பொருள். இதில் எழுத என்ன இருக்கிறது என்று எண்ணும் தோழியர் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் வீடு விழுப்புரத்தில் இருக்கிறது. அம்மா திண்டிவனத்தில் ஆசிரியை. ஏறக்குறைய 40 கி.மீ. தொலைவைத் தம் பழைய மாருதி ஆல்டோ காரில் நாள்தோறும் கடந்து செல்கிறார். அப்பாவுக்கு வெளியூரில் வேலை. அக்கா, பாட்டிக்குத் துணையாகத் திண்டிவனத்தில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். கல்லூரிக்குப் போக அவளுக்குச் சைக்கிள் வேண்டும். எனக்கோ பத்தாம் வகுப்பு. சனி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஊரின் மறுகோடியில் கணக்குச் சிறப்பு வகுப்பு. அதற்கு எனக்கும் சைக்கிள் வேண்டும். வீட்டில் இருப்பதோ ஒன்றே ஒன்று.

அது அக்கா பிளஸ் ஒன் படித்தபோது அரசு வழங்கிய சைக்கிள். தமிழ்நாட்டில் 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிய இத்திட்டம், 2005-06இல் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. அதற்கும் முன்பே, 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிவோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள் பல ஆயிரம் பேர். பெண்ணுக்குச் சைக்கிள் என்பது வெறும் இரண்டு சக்கரமன்று. யாரையும் எதிர்பார்க்காமல் நேரத்துக்குப் போய்ச் சேரும் வழி. அடுத்த ஆண்டு எனக்கும் ஒன்று கிடைக்கும். அதுவரை ஒரே சைக்கிள் வெள்ளி மாலை விழுப்புரத்துக்கும், திங்கள் காலை திண்டிவனத்துக்கும் பயணம் செய்தாக வேண்டும்.

ரயிலில் லக்கேஜாகப் பதிவு செய்யலாம். ஆனால் வாரம் இருமுறை காத்திருக்க நேரமில்லை. காருக்குள் வைக்கலாமென்றால் முன்சக்கரத்தைக் கழற்ற வேண்டும்; திங்களன்று பின்சீட்டில் அம்மாவுடன் இரண்டு ஆசிரியைகளும் வருவார்கள். ஆகவே கேரியர்தான் என்று முடிவாயிற்று.

கடைக்காரர் முதலில் காட்டியது காரின் பின்கதவில் பெல்ட்டால் கட்டித் தொங்கவிடும் வகை. விலை குறைவு, உயரத் தூக்கவும் வேண்டாம். எங்களுக்குப் பிடித்துப் போயிற்று. ஆனால் அம்மா, "வீட்டுக்குப் போய் அளந்துவிட்டு வருகிறோம்" என்றார். நானும் அக்காவும் இஞ்ச் டேப்பை எடுத்தோம். சைக்கிளின் நீளம் 180 செ.மீ.; காரின் அகலம் 149 செ.மீ. குறுக்கே மாட்டினால் 31 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்! நெடுஞ்சாலையில் பக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் நிலை என்ன? 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, வண்டியின் பக்கங்களுக்கு வெளியே சுமை நீண்டிருந்தால் அபராதமும் உண்டு. மேலும் நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறைந்துவிடும். இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. அந்தக் கேரியரின் கொக்கிகள் சைக்கிளின் நடுக்கம்பியைப் பிடிப்பவை. பெண்கள் சைக்கிளில் நடுக்கம்பியே இல்லையே!

அடுத்தது கூரைக் கேரியர். அம்பாசடர் போன்ற பழைய கார்களில் மழைநீர் வடிய ஒரு விளிம்பு இருக்கும். அதில் கேரியரைப் பூட்டிவிடலாம். எங்கள் காரில் அது இல்லை. எனவே கதவின் மேற்சட்டத்தைப் பற்றும் ரப்பர் வைத்த கொக்கிகள், இரண்டு குறுக்குக் கம்பிகள், சக்கரங்கள் பதிந்து நிற்க நீண்ட தகடு, சைக்கிளின் கீழ்க்குழாயைப் பிடிக்கும் கை ஆகியவை கொண்ட வகையைப் பார்த்தோம். கார்க் கையேட்டில் கூரை எவ்வளவு சுமை தாங்கும் என்று பார்த்து, சைக்கிளின் எடையோடு கேரியரின் எடையையும் கூட்டிச் சரிபார்த்தோம்.

எஞ்சிய கேள்வி, யார் தூக்குவது? 20 கிலோ சைக்கிளை ஒன்றரை மீட்டர் உயர்த்த ஏறக்குறைய 300 ஜூல் வேலை செய்ய வேண்டும் என்று அறிவியல் பாடம் சொல்கிறது. ஆனால் நம் தோள்வலியை ஜூல் சொல்லாது! ஒருநாள் மாலை உறவினர் ஒருவரின் கேரியரை இரவல் வாங்கிப் பழகிப் பார்த்தோம். அக்கா முக்காலிமேல் நின்று முன்சக்கரத்தைத் தகட்டில் வைத்துப் பிடித்துக்கொள்ள, அம்மா பின்சக்கரத்தை உயர்த்தித் தள்ளினார். மூன்றாம் முறை எளிதாகவே வந்தது. அதன் பிறகே பணம் கொடுத்து வாங்கினோம்.

இப்போது எங்களுக்கெனச் சில விதிகள் உண்டு. சைக்கிளோடு காரின் உயரம் 2.65 மீட்டர், பாட்டி வீட்டுக் கார் ஷெட் அதைவிடத் தாழ்வு. ஆகவே "மேலே சைக்கிள்!" என்று எழுதி ஸ்டியரிங்கின் எதிரே ஒட்டியிருக்கிறோம். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். எனவே அம்மா மணிக்கு 60 கி.மீ.யைத் தாண்டுவதில்லை. திண்டிவனம் போகும்போது விக்கிரவாண்டியிலும், திரும்பும்போது கூட்டேரிப்பட்டிலும் நிறுத்தி, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று கையால் இழுத்துப் பார்ப்பார்.

அன்புத் தோழியரே, எந்தப் பொருளை வாங்கினாலும் விலையை மட்டும் கேட்காதீர்கள். நம்மிடம் உள்ளதற்கு அது பொருந்துமா, நாள்தோறும் அதைக் கையாளப் போகும் கைகளுக்கு அது இயலுமா, சாலையில் உடன் வருவோர்க்கு அதனால் தீங்கு நேருமா என்று மூன்று கேள்விகளையும் கேளுங்கள். இந்த ஆண்டில் இதுவரை ஒரு சனிக்கிழமைகூட என் கணக்கு வகுப்பு தவறவில்லை. ஒரு திங்கட்கிழமைகூட அக்கா கல்லூரிக்கு நடந்து போகவில்லை.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி