முதல்

வ. புதுப்பட்டியிலிருந்து மலையடிவாரம் நோக்கிச் சென்றால் அத்திகோவில் பளியர் குடியிருப்பு. "அங்கே முதல் போட்டால் என்ன தேறும், சாமி?" என்று நகரத்து அன்பர் ஒருவர் நம்மை வினவினார். தென்னந்தோப்பும் தங்கும் விடுதியும் அவர் கண்முன் நின்றன. (நாமும் ஒருகணம் கணக்குப் போட்டோம், மறைப்பானேன்!) அவரை அங்கேயே அழைத்துச் சென்றோம்.

பளியர்க்குக் காடே முதல். தேனும் கிழங்கும் அதன் வட்டி. அக்காடு 1988-இல் சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாயிற்று. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்துள் அடங்கிற்று. சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையைப் பழங்குடியினர்க்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வழங்கியுள்ளது. ஆயினும் விலை சொல்பவர் கீழிருந்து வரும் வியாபாரியே.

"எடை போட எங்ககிட்ட ஒரு தராசு இருந்தாப் போதும் சாமி" என்றார் முதியவர் ஒருவர்.

திரும்புகையில் அன்பர் தராசின் விலையை விசாரித்தார்.