ரேழியைத் தாண்டாத வைஃபை

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளுக்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கிணற்றடி, கொல்லை என்று போய்க்கொண்டே இருக்கும். சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கனத்தவை. சித்திரை வெயிலில் அந்தக் கனம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட்டைக் கேபிளில் கொண்டுபோவதா, வைஃபையில் விடுவதா என்று யோசிக்கும்போது அதே கனம்தான் குறுக்கே நிற்கிறது. பௌதிகம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் என்பதால் அக்கம்பக்கத்தில் பலர் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். முதலில் வாசலிலிருந்து கொல்லை வரை ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறேன். எந்தக் கம்பெனி, எந்த பிளான் என்பதெல்லாம் அப்புறம்.

கம்பியோடு எனக்கு நெடுநாள் உறவு. திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியது. காற்றில் வரும் அந்தக் குரலைப் பிடிக்கவும் அப்பா மாடியில் ஏரியல் கம்பி கட்ட வேண்டியிருந்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியப் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு அது டெலிபோன் லைன் வழியாக, மோடத்தின் கீச்சொலியோடு வந்து சேர்ந்தது. நெட் ஓடினால் போன் எங்கேஜ்ட். வெளியூரில் இருந்த பெண் இரவில் கூப்பிடுவாள் என்று என் மனைவி சாயங்காலமே மோடத்தைப் பிடுங்கி வைத்துவிடுவாள். 2005-இல் டேட்டாஒன் என்ற பிராட்பேண்ட் இணைப்பு வந்த பிறகு, அதே செம்புக் கம்பியில் பேச்சும் நெட்டும் தனித்தனி அலைவரிசையில் ஓடின. 256 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட் என்று அரசாங்கம் வரையறுத்திருந்த காலம் அது. எங்களுக்கு அதுவே பெரிய வேகம்.

ஐப்பசி பிறந்தால் மட்டும் லைன் படுத்துவிடும். மழை விட்டதும் தானாக எழுந்துகொள்ளும். ஒரு நாள் தூறலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லைன்மேன் ஒருவர் வந்தார். மோடத்தை அவர் தொடவே இல்லை. கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்தில் நின்று, உள்ளே போகும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அங்கேயே சோதித்தார். அங்கே சரியாக இருந்தது. பிறகு ஒவ்வொரு இணைப்பாகச் சேர்த்துக்கொண்டு உள்ளே வந்தார். ரேழியில் மாட்டியிருந்த படத்துக்குப் பின்னால், எந்தக் காலத்திலோ வெள்ளையடித்தபோது யாரோ முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு ஒன்று களிம்பேறிக் கிடந்தது. ஈரக்காற்று பட்டால் அதில் தொடர்பு அறுந்துவிடும். வீட்டுக்குள் இருக்கும் ஒட்டு அவர் வேலையில் சேராது. ஆனாலும் நறுக்கி, சுரண்டி, புதிதாக இணைத்துக் கொடுத்தார். "இனிமே வாசல்லேருந்து ஆரம்பிச்சுப் பாருங்கய்யா" என்று சொல்லிவிட்டு, காபி குடித்துக் கிளம்பினார். நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த சோதனை முறையை, நிதானமாக என் வீட்டிலேயே செய்து காட்டினார் அவர். அந்த மனிதர் மேல் இன்றும் எனக்கு மிகுந்த மரியாதை.

2020-இல் ஊரடங்கின்போது பையன் குடும்பத்தோடு பெங்களூரிலிருந்து வந்துவிட்டான். ரவுட்டர் ரேழியில், கம்ப்யூட்டர் இரண்டாம் கட்டில். ஆபீஸ் கூட்டத்தில் அவன் குரல் பாதியில் நிற்கும். "தாத்தா, மிஸ் அப்படியே நின்னுட்டாங்க" என்று பேத்தி ஓடி வருவாள். இன்னும் பெரிய ரவுட்டர் வாங்கலாம், நடுவில் ஒரு ரிப்பீட்டர் வைக்கலாம் என்று போனில் பலரும் யோசனை சொன்னார்கள். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலிலிருந்து ஆரம்பித்தேன். ரவுட்டர் பக்கத்தில் வேகம் முழுதாக இருந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை கூடத்தோடு ஓய்ந்துவிட்டது. 2.4 முற்றத்தையும் தாண்டி வந்தது, ஆனால் தள்ளாடிக்கொண்டு வந்தது. 2.4-இல் ஒன்றையொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். ஒட்டுச்சுவர் வீடுகளில் இரண்டு பக்கத்து ரவுட்டர்களும் அதே மூன்றில்தான் இடம் தேடும். போதாததற்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில் இரைகிறது. இரண்டாம் கட்டுக் கதவோரம் நின்ற இரும்பு பீரோ மிச்சத்தையும் மறைத்தது.

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு சமயத்தில் பெரும்பாலும் ஒருவர்தான் பேச முடியும். கல்யாண வீட்டுக் கூடத்தில் பெரியவர் பேசி முடிக்கும் வரை மற்றவர்கள் காத்திருப்பதைப் போல, ஒவ்வொரு போனும் லேப்டாப்பும் தன் முறைக்காகக் காத்திருக்கிறது. இந்தக் கஷ்டம் புதிதல்ல. 1971-இல் ஹவாய்த் தீவுகளிலிருந்த கம்ப்யூட்டர்களை நார்மன் ஆப்ராம்சன் ரேடியோ அலையில் இணைத்தார். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் செய்தி மோதிச் சிதையும், மறுபடி அனுப்ப வேண்டும். அதைப் படித்து ஆராய்ந்த ராபர்ட் மெட்காஃப் 1973-இல் அந்த யோசனையைக் கேபிளுக்குள் இறக்கினார். அதுதான் ஈதர்நெட். இன்றைய ஈதர்நெட் கேபிளில் போவதும் வருவதும் ஒரே சமயத்தில் நடப்பதால் முறைக்காகக் காத்திருக்கும் வேலையே இல்லை.

கேட் 6 கேபிள் வாங்கினோம். 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகம் குறையாமல் போகும் கேபிள் அது. எங்கள் வீடு எவ்வளவு நீளமானாலும் அதற்குள் அடங்கிவிடும். எலக்ட்ரீசியன் தம்பி சுண்ணாம்புச் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இதுல டிரில் போட்டா பொலபொலன்னு கொட்டும் சார், உத்தரத்து மேலேயே கொண்டுபோயிடறேன்" என்றார். மரத்துக்கும் சுவருக்கும் ஒரு காயமில்லை. கம்ப்யூட்டர் கேபிளுக்கு மாறியதும் கூட்டங்களும் வகுப்புகளும் தடங்கலின்றி நடந்தன. கூடத்தில் போன்களில் ஓடிய வைஃபையும் முன்னைவிட நன்றாயிற்று, காற்றில் வரிசையில் நின்ற பெரிய ஆள் வெளியேறிவிட்டாரே! இதைத்தான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்கிறேன்: ஒரே இடத்தில் நிற்கும் கம்ப்யூட்டரையும் டிவியையும் கேபிளில் போட்டுவிட்டால், கையோடு நடமாடும் போன்களுக்குக் காற்று காலியாகக் கிடைக்கும்.

காற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. கம்பி போக முடியாத இடங்களுக்கு அதுதான் கதி. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு 1990-களில் உருவாக்கிய கார்டெக்ட், செம்புக் கம்பி இழுக்காமலே சின்ன ஆண்டெனா வழியாகக் கிராமத்து வீட்டுக்குப் போனையும் நெட்டையும் கொண்டுபோனது. தேனி வட்டாரத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லி பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து நெடுந்தூர வைஃபையால் கிராமத்துக் கண் மையங்களை இணைத்தது. பஸ் ஏறி அலையாமல், ஊரிலிருந்தே டாக்டரிடம் திரையில் கண்ணைக் காட்ட முடிந்தது. எவ்வளவு பெரிய காரியம்! வாடகை வீட்டில் ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போகிறவர்களையும் உத்தரத்தின் மேல் கேபிள் இழுக்கச் சொல்ல மாட்டேன்.

வெளியிலிருந்து வீட்டுக்கு வருவது வேறு கணக்கு. இப்போது தெருவிலிருந்து வருவது கண்ணாடி இழை. அதில் மின்சாரம் ஏறாது என்பதால், இடி இடித்தால் செம்பு லைன் வழியாக மோடம் புகைந்துபோன பழைய பயம் பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் சித்திரை வீதிகளில் தேர் வரும் நாளில் மின்சாரத்தை நிறுத்துவார்கள், குறுக்கே தொங்கும் கேபிள்களை இறக்குவார்கள். அன்றைக்குப் போன் ஹாட்ஸ்பாட் போதும். மற்ற நாளில் கரண்ட் போனால் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் கொஞ்சம் கேபிள் மிஞ்சியது. இரண்டு முனையிலும் கனெக்டர் போட்டுச் சுருட்டி வைத்திருக்கிறேன். யாராவது வந்து கேட்டால் அதைக் கொடுத்து, தரையோடு விரித்து இரண்டு நாள் கேபிளில் ஓட்டிப் பாருங்கள், இரண்டு நாள் வைஃபையில் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் காசைப் போடுங்கள் என்கிறேன். இப்போது அது எதிர்வீட்டில் இருக்கிறது. அவர்கள் பார்த்து முடித்ததும் திருவானைக்காவலில் ஒரு பழைய மாணவன் வந்து வாங்கிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறான்.