பூத்த கிழங்கு மறுபடி பூக்காது

சத்தியமங்கலம் பக்கம் சம்பங்கியை ஏக்கர் கணக்கில் போடுவார்கள். என் வீட்டுக்குப் பின்னால் இருப்பது நான்கே பார்கள். நட்டு இரண்டு வருடம் சாமிக்கும் தலைக்கும் போதுமான பூ கிடைத்தது. மூன்றாம் வருடம் தோகைதான் அடர்ந்து நின்றது. பூத்தண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக, அதுவும் குட்டையாக வந்தது. சத்துப் போதவில்லை என்று யூரியா போட்டேன். தோகை இன்னும் தழைத்தது; பூ கூடவில்லை.

பூக்காட்டு வேலையிலேயே வயதான பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து பார்த்தார். “தூர் கட்டிப் போச்சு கண்ணு. எடுத்துப் பிரிச்சு வை.”

“எப்பங்க எடுக்கறது?”

“தண்ணியை நிறுத்து. தோகை பழுத்தா அதுவே சொல்லும்.”

சம்பங்கிக் கிழங்கு ஒரு முறைதான் பூக்கும். தண்டு விட்டதும் அதன் வேலை முடிந்தது. அடுத்த பூ, அதன் பக்கத்தில் பிறந்த கிழங்குகளில்தான். மூன்று வருடத்தில் ஒன்று பலவாகி ஒன்றையொன்று நெருக்குகின்றன. இருக்கும் நீரையும் எருவையும் எல்லாம் பங்கு போட்டுக்கொள்வதால் எதுவும் பூக்கும் அளவுக்குப் பெருப்பதில்லை.

வைகாசியில் தோகை பழுத்ததும் செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கடப்பாரை போட்டு, தூரை முழுதாகத் தூக்குவேன். மண்ணை உதிர்த்துக் கையாலேயே திருகிப் பிரிப்பேன். கத்தி பட்ட இடத்தில் அழுகல் நுழையும். பிரித்ததை மூன்று குவியலாக்குவேன். பெருநெல்லி அளவில், அழுத்தினால் கல்போல் இருப்பவை நடவுக்கு. 25 முதல் 30 கிராம் எடை இருந்தால் அந்த வருடமே பூக்கும். சிறியவை தனிப் பாத்திக்கு. அவை பெருக்க ஒரு வருடம் வேண்டும். பூத்து ஓய்ந்தவையும் விரல் அமுங்குபவையும் வெளியே. அழுகியதை எருக்குழியில்கூடப் போடுவதில்லை. இந்தத் தரம்பிரிப்புக்குக் கண்ணைவிட விரல்தான் நம்பகமானது. மேல்தோல் நன்றாக இருந்தும் அடித்தட்டு நைந்திருப்பதை விரல்தான் கண்டுபிடிக்கும்.

முதல் முறை, பிரித்த அன்றே நட்டுத் தண்ணீரும் விட்டேன். பாதி அழுகிப்போனது. இப்போது நிழலில் பரப்பி 30 நாள் காயவிடுகிறேன். பிரித்த காயம் ஆறி, கிழங்கு ஓய்ந்து எழும் நாட்கள் அவை. அப்படி நட்ட பாரில் முளை ஒரே சீராக வருகிறது.

நடவு ஆனிக் கடைசியில். பழைய பாரில் நூற்புழு தங்கியிருக்கும் என்பதால் இடத்தை மாற்றி, மட்கிய தொழுவுரம் கலந்து பார் போடுவேன். பாருக்குப் பார் 45 சென்டிமீட்டர், கிழங்குக்குக் கிழங்கு 20. கிழங்கு ஓர் அங்குல ஆழத்துக்கு மேல் போகக் கூடாது. பாரை உயர்த்திப் போடுவது ஐப்பசி மழைக்காக; தேங்கிய தண்ணீரைச் சம்பங்கி தாங்காது. நட்டு நூறு நாள் அளவில் முதல் தண்டு தெரியும். கிழங்குகளுக்கு நடுவே விட்ட இடைவெளி பார்க்க வெறுமையாக இருக்கும். நெருக்கி நடத் தோன்றும், நடாதீர்கள். அடுத்த மூன்று வருடக் கிழங்குகளுக்கு உரிய இடம் அது.

உங்கள் சம்பங்கி தோகையோடு நின்றுவிட்டால் உரத்தைக் கூட்டும் முன் ஒரே ஒரு தூரைத் தோண்டிப் பாருங்கள். காரணம் அங்கேயே கைநிறையக் கிடைக்கும்.