தன் நகையை இரவல் வாங்கிய அரசர்

கானா நாட்டின் குமாசி நகரில், மான்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்கு 2024இல் வந்து சேர்ந்த பொருள்களில் வட்டமான மெல்லிய தங்கத் தகடுகளும் இருந்தன. அவற்றில் ஒன்றில், பின்பக்கத்திலிருந்து தட்டி எழுப்பிய வேலைப்பாடு நடுவிலிருந்து பூவிதழ்போல் விரிகிறது. அந்நாட்டின் அசாந்தே மக்களுடைய அரசரின் ஆன்மாவைத் தூய்மைப்படுத்தும் சடங்குக்கு உரியவர்கள் மார்பில் அணிந்த பதக்கம் இது. பயணி எளிதில் கடந்துபோகக்கூடிய சின்னப் பொருள்தான். ஆனால் இது வந்திருக்கும் விதம் ஆளை நிறுத்திவிடுகிறது. இது இங்கே இரவலாக வந்தது. நம் ஊரில் இரவல் நகை போட்டுக் கல்யாணத்துக்குப் போகிற பெண்ணின் கை, பந்தி முடியும்வரை கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். தொலைந்துவிடக் கூடாது, யாரும் கண்டுகொள்ளவும் கூடாது. அது பிறர் நகை, அதனால் அந்தக் கூச்சத்துக்கு அர்த்தம் இருக்கிறது. குமாசியிலோ நகைக்கு உடையவரே அதை இரவல் வாங்கியிருக்கிறார். உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் இன்று பெருமையோடு பேசும் ‘பன்னாட்டுக் கூட்டுறவு’ எதில் நிறைவடைகிறது, எங்கே குறைபடுகிறது என்பதை இந்த ஒரு தகடு காட்டிவிடும்.

1874இல் பிரிட்டிஷ் படை குமாசிக்குள் புகுந்து அரண்மனையைச் சூறையாடியது, நகரத்துக்குத் தீ வைத்தது. அபராதமாக ஐம்பதாயிரம் அவுன்ஸ் தங்கமும் கேட்டது. கொள்ளைப் பொருள்களில் ஒரு பகுதி அதே ஆண்டு லண்டனில் விற்பனைக்கு வர, விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதிலிருந்து வாங்கியது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் அசாந்தே நகைகள் போய்ச் சேர்ந்தன. 150 ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டும் சேர்ந்து 32 பொருள்களை அனுப்பின: முன்னதிலிருந்து 17, பின்னதிலிருந்து 15. தவணை மூன்று ஆண்டு. வேண்டுமானால் இன்னொரு மூன்று ஆண்டு நீட்டிக்கலாம். 2024 மே 1 அன்று கண்காட்சி திறந்தது. ஒப்பந்தம் கானா அரசோடு போடப்படவில்லை, அசாந்தே அரசர் இரண்டாம் ஒசெய் டுட்டுவோடு போடப்பட்டது. எந்தச் சமூகத்திடமிருந்து பறித்தார்களோ அந்தச் சமூகத்தின் தலைமையோடு நேரே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் நான் மதிக்கும் அம்சம் இதுதான்.

திருப்பியே கொடுத்துவிடலாமே என்றால், சட்டம் இடம் தராது என்கிறார்கள். 1963ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சட்டமும் 1983ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டமும் அறங்காவலர்களின் கையைக் கட்டிப்போட்டிருப்பது உண்மைதான். ஆனால் நாஜிகள் பறித்த பொருள்களைத் தேசிய அருங்காட்சியகங்கள் திருப்பிக் கொடுக்க, அதே நாடாளுமன்றம் 2009இல் தனிச் சட்டம் இயற்றி வழி செய்தது. அநீதி அநீதியாகத் தெரிந்தபோது கட்டு அவிழ்ந்தது. லண்டன் நீதிமன்றங்களின் பார்வை விரிந்ததற்கு நம்மிடமும் ஒரு சாட்சி உண்டு. பத்தூர் நடராசர் வழக்கில், மண்ணில் புதைந்து கிடந்து திருட்டுத்தனமாக விற்கப்பட்ட சிலைக்கு அந்த ஊர்க் கோயிலே உரிமை கோரலாம் என்று 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது; நடராசர் ஊர் திரும்பினார். அது தனியாரோடு நடந்த வழக்கு, குமாசியின் நிலைமை வேறு. ஆனாலும், வழிபாட்டோடு பிறந்த பொருளை வெறும் சரக்காகப் பார்க்காத மனம் லண்டனுக்குப் புதியது அல்ல என்பதை அது காட்டுகிறது.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. இரவல் என்று கையெழுத்திட்டால் லண்டனே உடைமையாளர் என்று ஒப்புக்கொண்டதாகாதா? இந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. அமெரிக்காவின் ஃபவுலர் அருங்காட்சியகம் அதே 2024 பிப்ரவரியில் ஏழு அசாந்தே பொருள்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் திருப்பிக் கொடுத்தது. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லண்டனின் ஏற்பாடு பாதிக் கிணறுதான். அப்படியானால் எல்லாமே ஊர் திரும்பினால்தான் நியாயமா? அதுவும் இல்லை என்பதற்கு லண்டனிலிருந்து வந்தவற்றில் இருந்த சங்குவோ என்ற நரம்பிசைக் கருவியே சான்று. அதை யாரும் கொள்ளையடிக்கவில்லை. 1817இல் பேச்சுவார்த்தைக்கு வந்த தாமஸ் பௌடிச்சிடம் தங்கள் செல்வத்தையும் கலையையும் காட்ட அசாந்தேக்கள் மனமுவந்து கொடுத்தது. அது லண்டனில் இருப்பதில் யாருக்கும் இழிவு இல்லை. கருவிக்கும் தகட்டுக்கும் உள்ள வேறுபாடு, கொடுக்கும் உரிமை யார் கையில் இருந்தது என்பதுதான். அந்த உரிமையைக் குமாசிக்குத் திருப்பித் தந்துவிட்டால், நாளை லண்டனே தகட்டைக் குமாசியிடம் இரவல் கேட்கலாம். இரு பக்கமும் கேட்கவும் மறுக்கவும் முடிந்தால்தான் அதைக் கூட்டுறவு என்று சொல்ல எனக்கு மனம் வரும்.

திருப்பிக் கொடுத்தால் பொருள்கள் பாதுகாப்பாக இருக்குமா என்ற கவலையும் எப்போதும் எழும். ஏறத்தாழ இரண்டாயிரம் பொருள்கள் காணாமலோ திருடுபோயோ சேதப்பட்டோ இருப்பதாக 2023இல் தெரிவித்தது பிரிட்டிஷ் அருங்காட்சியகம். அதன் பிறகு இந்தக் கவலையைக் குமாசிக்கு மட்டும் உரியதாக்க முடியாது. கண்காட்சி நடக்கும் வீடும் கவனிக்க வேண்டியது. 1896இல் நாடு கடத்தப்பட்ட அரசர் முதலாம் பிரெம்பே, 28 ஆண்டு கழித்து, செஷல்ஸ் தீவுகளிலிருந்து 1924இல் திரும்பினார். பழைய அரண்மனை அழிந்துபோயிருந்ததால் பிரிட்டிஷார் அவருக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்க முன்வந்தார்கள். அழித்தவர்களிடம் இனாம் வாங்க அவர் சம்மதிக்கவில்லை. கட்டிய செலவு முழுவதையும் செலுத்திய பிறகுதான் அதை ஏற்றுக்கொண்டார். அந்த வீடுதான் 1995 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. சொந்தப் பணத்தில் உரிமையாக்கிக்கொண்ட சுவர்களுக்குள் சொந்தத் தங்கம் மட்டும் தவணைக்கு வந்திருக்கிறது. தவணை முடிகிற நாளில் லண்டன் அந்தத் தகட்டைத் திருப்பிக் கேட்காமல் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.