கையில் கொடுப்பது

எங்க அம்மாவுக்குக் கை குவிக்கத் தெரியும். இரண்டு கையையும் சேர்த்து, விரலிடுக்கில் ஒரு சொட்டு ஒழுகாமல், வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு குனிந்து நிற்பாள். ஆண்டை வீட்டம்மா மேலேயிருந்து சொம்பைச் சாய்ப்பார். சொம்பு கையில் பட்டுவிடக் கூடாது. தண்ணீர் தெறித்து அந்தம்மா மேல் விழுந்துவிடக் கூடாது. குடிக்கும்போது அம்மாவின் கண் தண்ணீர் மேல் இருக்காது, சொம்பின் விளிம்பு மேலேயே இருக்கும். 1970களின் கடைசியில், திண்டிவனத்துப் பக்கம் ஒரு கிராமத்தில், களையெடுக்கப் போன அம்மாவோடு போய் நின்று நான் பார்த்தது இது.

பெட்டிக்கடைக்கு என்னை அனுப்பும்போதும், "பலகை மேல காச வச்சிட்டுத் தள்ளி நில்லுடா. அவுரு கையில பட்டுடப் போவுது" என்று சொல்லித்தான் அனுப்புவாள். கடைக்காரர் பொட்டலத்தைப் பலகை மேல் போடுவார். மீதிச் சில்லறையும் அப்படித்தான். உருண்டு கீழே விழுந்தால் மண்ணில் நாம்தான் தேட வேண்டும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன வருசம் எங்கள் அலுவலகத்தில் தியான வகுப்பு ஒன்று நடத்தினார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர், செய்கிற ஒவ்வொரு சின்னக் காரியத்தையும் கவனத்தோடு செய்யுங்கள் என்றார். டீ குடித்தால் டீயைக் கவனிக்க வேண்டுமாம். நடந்தால் பாதத்தைக் கவனிக்க வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்க அம்மாவைவிடக் கவனமாகத் தண்ணீர் குடித்தவர் யார்? ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த எங்க தாத்தாவைவிடக் கவனமாகப் பாதம் வைத்தவர் யார்? எங்கே நிற்கலாம், எங்கே உட்காரக் கூடாது, யார் எதிரில் வந்தால் துண்டைக் கக்கத்தில் இடுக்க வேண்டும் என்று சாதி நமக்குக் கொடுத்த பயிற்சி முழுக்கக் கவனம்தான். ஆனால் அது பயத்தின் கவனம். கவனிக்கிற வேலையை நம் தலையில் கட்டிவிட்டு, அவர்கள் எதையும் கவனிக்காமலே வாழ்ந்தார்கள்.

வகுப்பு நடந்த ஒரு மணி நேரமும் அந்த அறையைப் பெருக்குகிற அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் டீ குடித்து, காகிதக் கப்பைப் போட்டுவிட்டுப் போன பிறகுதான் உள்ளே வந்தார். டீயைக் கவனித்தவர்கள் ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை. இந்தக் கோபத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையில் நானே மாட்டிக்கொண்டேன்.

அந்தத் தெருவில் நாலு வருசமாக வாடகைக்கு இருக்கிறேன். குப்பை எடுக்க ஒரு அக்கா வருவார். வாளியைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். மாசம் பிறந்தால் நூறு ரூபாய் கொடுப்பேன். எப்படி? சுற்றுச்சுவர் மேல் வைத்துவிடுவேன். அன்றைக்கும் வைத்தேன். தாள் பறக்காமலிருக்க ஒரு கல்லைத் தேடி எடுத்தபோது கை நின்றுவிட்டது. அந்தப் பெட்டிக்கடைப் பலகை என் வீட்டுச் சுவரில் இருந்தது.

அசிங்கம் என்று நினைத்தா அப்படிச் செய்தேன்? இல்லை. பயந்து செய்தேன். வீடு பார்க்க வந்தபோது வீட்டுக்காரர் சாதியை நேராகக் கேட்கவில்லை. கவிச்சி சாப்பிடுவீர்களா, சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று சுற்றிச் சுற்றி வந்தார். நான் திண்டிவனம் என்று டவுன் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். அக்காவிடம் நின்று பேசினால் அவரும் ஊரைக் கேட்பார். நம்ம ஜனம் இரண்டு கேள்வியில் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துவிடும். அந்த இரண்டு கேள்விக்குப் பயந்துதான் நாலு வருசம் சுவர் மேல் காசு வைத்தேன். படித்தவன், கூட்டங்களில் பேசுகிறவன்.

விழிப்போடு இருப்பதை நாம் யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1956 அக்டோபர் 14 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் நாக்பூரில் லட்சக்கணக்கான ஜனங்களோடு பௌத்தம் தழுவினார். அவர் மறைந்த பிறகு 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், கருணையோடு நின்றுவிடாமல் மைத்ரி வரைக்கும் போகச் சொல்கிறார். மூச்சை எண்ணிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தால் மட்டும் மைத்ரி வராது. எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

திவ்யாவதானத்தில் ஒரு கதை. புத்தரின் சீடர் ஆனந்தர் ஒரு மாதங்கப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். அவள் தன் சாதியைச் சொல்லித் தயங்குகிறாள். நான் உன் சாதியைக் கேட்கவில்லை, தண்ணீரைத்தான் கேட்டேன் என்கிறார் அவர். 1927 மார்ச் 20 அன்று மகத் நகரத்துச் சவுதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் குடித்ததும் ஒரு கைத் தண்ணீர்தான். அதற்காக அன்றைக்கு நம் ஜனங்கள் அடிபட்டார்கள். சின்னக் காரியம் எவ்வளவு பெரியது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். நூறு ரூபாயைக் கையில் கொடுத்தேன். அக்கா ஒரு மாதிரி பார்த்தார். பெயர் கேட்டேன், சொன்னார். அவரைக் கேட்காமல் அதை இங்கே எழுத மாட்டேன். தண்ணி குடிக்கிறீங்களாக்கா என்றதற்கு, "வேணாம் சார், வண்டியில பாட்டில் இருக்குது" என்றார். மூன்று நாள் இதே பதில். நாலாவது நாள் நல்ல வெயில், டம்ளரை வாங்கிக்கொண்டார். உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றினார். பாதித் தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

"வாய் வச்சே குடிங்கக்கா."

"ஏனம் எச்சியாயிடும் சார்."

"ஆவட்டும்."

குடித்துவிட்டு, கழுவி வைக்கக் குழாயைத் தேடினார். நான் கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டேன். அவர் கையில் உறை இல்லை. விரல் பட்டது. எங்க அம்மா கை மாதிரியே சொரசொரவென்று இருந்தது. அப்போதுதான் கேட்டார், "சாருக்கு எந்த ஊரு?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். "ஊர்லயா?" என்றார் மெதுவாக.

"இல்லக்கா. காலனி."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சிரித்தார். "எங்க சின்ன நாத்தனார அந்தப் பக்கந்தான் குடுத்திருக்குது" என்றார்.

ஒரு டம்ளர் தண்ணீரால் சாதி ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அக்காவுக்குக் கையுறை வேண்டும், நிரந்தர வேலை வேண்டும். 1993இலும் 2013இலும் சட்டம் போட்ட பிறகும் மலக்குழியில் செத்தது நம் ஜனங்கள்தான். அதற்கெல்லாம் தெருவில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் யாருக்காகத் தெருவில் இறங்குகிறோமோ, அவர் பெயர்கூடத் தெரியாமல் நாலு வருசம் இருந்தவன் நான். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தார். எதுவரைக்கும் காதில் விழுந்ததோ தெரியவில்லை. மேலே கதவு சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. இன்றுவரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா வாய் வைத்துத்தான் குடிக்கிறார்.