டயர் சொல்லித்தரும் கணிதம்



பெக்கான் நானாஸ் அன்னாசிக்குப் பெயர் பெற்ற சிற்றூர். ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் செல்லும் சாலை நம் ஊர் வழியே செல்கிறது. மாலையில் அச்சாலையைக் கவனித்தால், நம் இளைஞர்கள் எதில் மனத்தைப் பறிகொடுத்துள்ளனர் என்பது விளங்கும். காரின் சக்கரம் உள்ளே ஒடுங்கவும் கூடாது. வெளியே துருத்தவும் கூடாது. மட்கார்டு விளிம்போடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இதனை 'ஃபிளஷ்' என்கின்றனர்.

சிங்கப்பூரில் உழைத்துச் சேமித்த என் முன்னாள் மாணவர் ஒருவர், பழைய டொயோத்தா 86 ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். புதிய ரிம் வாங்கும் முன், "ஐயா, இந்தக் கணக்கு சரியான்னு பாருங்க" என்று ஒரு தாளோடு வந்தார். உடன் வந்த அவர் தாயார், "படிக்கிற வயசுல இந்த அக்கறை இல்லையே, சார்" என்று பெருமூச்செறிந்தார்.

அந்த அக்கறைக்குக் காரணம் இருந்தது. அவருடைய நண்பர் கடைக்காரரின் சொல்லை நம்பி அகலமான சக்கரம் பூட்டியிருந்தார். நால்வர் ஏறியதும் டயர் மட்கார்டில் உரசி, அதன் பக்கச்சுவர் அறுந்துவிட்டது. வேகம் குறைவாக இருந்ததால் உயிர் தப்பினர்.

தாளைப் பார்ப்போம். அக்காரின் அசல் டயர் 215/45 ஆர் 17. அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 45 விழுக்காடு, அதாவது 96.75, ரிம்மின் விட்டம் 17 அங்குலம், அதாவது 431.8 மில்லிமீட்டர். மேலும் கீழுமாக இரு பக்கச்சுவர்களைச் சேர்த்தால் மொத்த விட்டம் 625.3.

அவர் விரும்பியது 18 அங்குல ரிம். 215/40 ஆர் 18 என்றால் விட்டம் 629.2, வேறுபாடு ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. 40-க்குப் பதில் 45 எனத் தேர்ந்தால் 650.7 ஆகிவிடும். அப்போது வேகமானி முன்பு 100 காட்டிய இடத்தில் கார் ஏறக்குறைய 104-இல் ஓடும், மட்கார்டும் உரசக்கூடும்.

அடுத்தது 'ஆஃப்செட்'. ரிம்மின் நடுக்கோட்டிற்கும் அது காரில் பொருந்தும் முகத்திற்கும் இடைப்பட்ட தூரம் இது. எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். அசல் ரிம் 7 அங்குல அகலம், ஆஃப்செட் 48. பாதி அகலமான 88.9-இல் 48 போக 40.9. புதியது 8 அங்குலம், ஆஃப்செட் 35 எனில் 101.6-இல் 35 போக 66.6. ஆகவே விளிம்பு 25.7 மில்லிமீட்டர் வெளியே வரும். உட்பக்கம் ஏறத்தாழ மாறாது. நண்பர்கள் பரிந்துரைத்த ஆஃப்செட் 20 எனில் 40.7 வெளியே வரும். மட்கார்டிலிருந்து நூலில் எடை கட்டித் தொங்கவிட்டு அளந்த அவர், அது விளிம்பைத் தாண்டும் எனக் கண்டு விலக்கினார். விளிம்பைத் தாண்டி நீளும் சக்கரத்தைச் சாலைப் போக்குவரத்துத் துறையும் ஏற்பதில்லை.

நான் சேர்த்துச் சொன்னது ஒன்றே: டயரின் சுமை எண்ணையும் பார். அசல் டயரின் 87 என்பது ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும். புதிய அளவில் 85 எண்ணும் கிடைக்கும். அது தாங்குவது 515 கிலோ மட்டுமே. 89 எனில் 580 கிலோ தாங்கும்.

பதின்மம், விழுக்காடு, அலகு மாற்றம், விட்டம் எல்லாம் நாம் தொடக்கப்பள்ளியில் கற்பிப்பவையே. ஆசிரியர்களே, அப்பாவின் கார் டயரில் உள்ள எண்களை எழுதி வரும்படி மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள். பெற்றோர்களே, "காசைக் கரைக்கிறாயே" எனக் கடியுமுன், "அளந்து பார்த்தாயா?" என்று மகனைக் கேளுங்கள். ஏசினால் அவன் வாய்மூடிக் கடைக்குப் போவான். கேட்டால் தாளை எடுத்து உங்கள் பக்கத்தில் அமர்வான்.