தலைகளை எண்ணினால் நீதி கிடைத்துவிடுமா?

உதைபந்தாட்டம் என்றதும் எம்மவர் மனக்கண்ணில் தோன்றும் ஆட்டம் வேறு. அமெரிக்கர் அந்தப் பெயரால் அழைக்கும் ஆட்டம் வேறு. நாம் உதைபந்தாட்டம் என்பதை அவர்கள் 'சொக்கர்' என்பார்கள். அவர்களது 'புட்போல்' பெரும்பாலும் கையால் ஏந்தியும் எறிந்தும் ஆடப்படுவது. தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்த பதினொருவர், எதிரே நிற்கும் பதினொருவரை மோதித் தள்ளி, நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும் என்பதே அதன் அடிப்படை. றகர் விளையாட்டின் ஒன்றுவிட்ட சகோதரன் என்றால் இலங்கை வாசகர்களுக்கு எளிதில் விளங்கும்.

இந்த ஆட்டத்துக்காக அந்நாட்டின் உயர்நிலைப் பாடசாலைகள் எவ்வாறு தரம் பிரிக்கப்படுகின்றன என்பதைப் பற்றியே இன்று எழுத விழைகிறேன். விளையாட்டுப் பக்கத்துச் செய்திபோலத் தோன்றினாலும், யாரை யாரோடு ஒப்பிடுவது நியாயம் என்ற பழைய கேள்விதான் இதற்குள் இருக்கிறது.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் பாடசாலை விளையாட்டுகளை நிர்வகிப்பதற்கென ஒரு சங்கம் உண்டு. அது பாடசாலைகளை மாணவர் தொகைப்படி பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே மாநிலக் கிண்ணம் வழங்குகிறது. டெக்சாஸ் மாநிலத்தில் ஒக்டோபர் மாத இறுதியில் குறித்த ஒரு நாளில் தலைகளை எண்ணி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாடசாலைகளை மறுபடியும் பங்கிடுகிறார்கள். அங்கே 2014ஆம் ஆண்டு முதல் ஆறு பிரிவுகள். 2022ஆம் ஆண்டுப் பங்கீட்டின்படி 105 மாணவர்களுக்குக் குறைந்த பாடசாலைகள் கடைசிப் பிரிவிலும், 2,225 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ளவை உச்சப் பிரிவிலும் இருந்தன. இலினோய் 2001ஆம் ஆண்டில் எட்டுப் பிரிவுகளுக்கு மாறியது. இந்தியானா 2013ஆம் ஆண்டில் ஆறு பிரிவுகளுக்கும், பென்சில்வேனியா 2016ஆம் ஆண்டில் ஆறு பிரிவுகளுக்கும் வந்து சேர்ந்தன.

மாணவர் தொகையை அளவுகோலாகக் கொண்டதில் ஒரு நேர்மை இருக்கிறது. அது எவரும் சரிபார்க்கக்கூடிய எண். எந்த அதிகாரியும் தன் விருப்பு வெறுப்புப்படி அதனை வளைத்துவிட முடியாது. ஆனால் சிறிய பாடசாலைகள் இருக்கும் அடிமட்டத்துக்கு வரும்போதுதான் இந்த அளவுகோல் கோணத் தொடங்குகிறது. 2,000 மாணவர் உள்ள பாடசாலை 2,200 மாணவர் உள்ள பாடசாலையோடு மோதினால் வேறுபாடு பத்தில் ஒரு பங்குதான். 150 மாணவர் உள்ள பாடசாலை 300 பேர் உள்ளதோடு மோதினாலோ, எதிரணி இரு மடங்கு. களத்தில் நிரப்பவேண்டிய இடங்கள் மட்டும் இருவருக்கும் பதினொன்றுதான். தொகை குறையும்போது இடங்கள் குறைவதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இலினோய் மாநிலத்தின் சோள வயல்களுக்கு நடுவே உள்ள சிற்றூர் ஒன்றில், வைத்தியராகப் பணிபுரியும் என் அக்காவின் மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அவளது மகன் பாடசாலை அணியில் ஆடுகிறான். 'பாடசாலை அணி' என்பதுகூடச் சரியல்ல. பக்கத்துப் பக்கத்து ஊர்களின் மூன்று பாடசாலைகள் ஒன்றுசேர்ந்து நிறுத்திய கூட்டணி அது. மூன்று ஊர்களின் பெயர்களையும் சுருக்கிச் சட்டையில் அச்சிட்டிருந்தார்கள். மூன்று பாடசாலைகளின் தொகையையும் கூட்டியே பிரிவு தீர்மானிக்கப்படுகிறது என்பதால், சேர்ந்தமையாலேயே அவர்கள் மேற்பிரிவொன்றுக்குப் போய்விட்டார்கள். ஆனால் மூன்று ஊர்களையும் கூட்டியும் அன்று சீருடை அணிந்து நின்றவர்கள் இருபத்தேழு பேர்தான்.

எதிரே வந்திருந்தது நகரத்திலிருந்து ஒரு தனியார் பாடசாலை. அதன் மாணவர் தொகை எங்கள் கூட்டணியினதைவிடக் குறைவு. ஆயினும் அறுபதுக்கு மேற்பட்ட வீரர்கள் வரிசையாக நின்றார்கள். இலையுதிர் காலக் குளிரில் ஊரே போர்வையோடு வந்து பலகை இருக்கைகளில் அமர்ந்திருந்தது. இடைவேளைக்கு முன்னரே ஆட்டம் முடிந்துவிட்டது என்று சொல்லலாம். “மாமா, இவன் ஒரு நிமிஷம்கூட வெளியில வந்து இருக்கேல்லை. அங்கால பாருங்கோ, தாக்கிறதுக்கு ஒரு கூட்டம், தடுக்கிறதுக்கு இன்னொரு கூட்டம்” என்றாள் மருமகள். தோல்வியைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. களைத்த பிள்ளை, களைக்காத பிள்ளையோடு திரும்பத் திரும்ப மோதுகிறான் என்பதே ஒரு வைத்தியராகவும் தாயாகவும் அவளது கவலை. பிற்பாதியில் வேறுபாடு நாற்பது புள்ளிகளைத் தொட்டதும், விதிப்படி கடிகாரம் நிறுத்தப்படாமல் ஓடவிடப்பட்டது. தோற்பவர்கள்மீது காட்டப்படும் கருணை அது.

ஏட்டின்படி சிறிய பாடசாலை, களத்தில் எப்படி இவ்வளவு பெரிதாயிற்று? அரச பாடசாலைக்கு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் வாழும் பிள்ளைகளே அதன் பிள்ளைகள். இவ்வாண்டு உயரமான பையன்கள் பிறக்கவில்லையென்றால் பிறக்கவில்லைதான். தனியார் பாடசாலைக்கோ அத்தகைய வேலி இல்லை. இலட்சக்கணக்கானோர் வாழும் நகரம் முழுவதிலுமிருந்து அது மாணவரைச் சேர்க்கலாம். ஆகவே மாணவர் தொகை என்பது பாடசாலைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறதே தவிர, அதன் கதவு எத்தனை பேருக்குத் திறந்திருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

இந்தக் குறையை அமெரிக்கர்கள் அறியாதவர்கள் அல்லர். இலினோய் 2005ஆம் ஆண்டில், எல்லை வகுக்கப்படாத பாடசாலைகளின் தொகையை 1.65 ஆல் பெருக்கும் விதியைக் கொண்டுவந்தது. அலபாமா அதற்கு முன்னரே தனியார் பாடசாலைகளுக்கு 1.35 என்ற பெருக்கத்தை வைத்திருந்தது. டென்னசி 1997ஆம் ஆண்டில், மாணவர்களுக்கு நிதியுதவி வழங்கும் தனியார் பாடசாலைகளை வேறாகவே பிரித்துவிட்டது. பென்சில்வேனியாவில் அவ்வாறு பிரிப்பதற்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடையாக நிற்கிறது. ஓகையோவில் இது தொடர்பாகப் பாடசாலைகளிடையே நடந்த வாக்கெடுப்புகள் மூன்று முறை தோற்று, 2014ஆம் ஆண்டில் நான்காவது முறையாகவே ஒரு திட்டம் நிறைவேறியது.

வழக்குகளும் குறைவில்லை. 1997ஆம் ஆண்டில் டென்னசியின் பிரென்ட்வூட் அகடமியின் பயிற்றுநர், அடுத்த ஆண்டு சேரவிருந்த எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு, வசந்தகாலப் பயிற்சிக்கு வருமாறு கடிதம் எழுதினார். மாநிலச் சங்கம் அதை ஆட்சேர்ப்பு என்று தண்டித்தது. பாடசாலை வழக்குத் தொடுத்தது. ஒரு கடிதத்துக்காகத் தொடங்கிய அந்த வழக்கு இரண்டு முறை அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2001ஆம் ஆண்டில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், சங்கமும் அரசைப் போலவே அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டது என்று தீர்ப்பாயிற்று. 2007ஆம் ஆண்டில் ஒருமனதாக, ஆட்சேர்ப்பைத் தடுக்கும் விதி பேச்சுச் சுதந்திரத்தை மீறவில்லை என்று தீர்ப்பாயிற்று. பாடசாலை விளையாட்டுத்தானே என்று நாம் அலட்சியமாக நினைக்கும் ஒன்று அங்கே எவ்வளவு பாரதூரமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். எல்லாத் தனியார் பாடசாலைகளும் வீரர்களைச் சேர்க்கும் செல்வந்த நிறுவனங்கள் அல்ல. தேவாலயத்தின் நன்கொடையில் உயிர்வாழ்ந்துகொண்டு வாராவாரம் தோற்கும் பாடசாலைகளும் அவற்றுள் உண்டு. அவற்றையும் 1.65 ஆல் பெருக்குவது, மெலிந்தவனுக்குக் கனத்த சட்டை அணிவித்து நிறுத்துப் பார்ப்பதற்கு ஒப்பானது. இதை உணர்ந்துதான் இலினோய், அண்மையில் வெற்றி பெறாத பாடசாலைகளுக்குப் பின்னர் விலக்களித்தது. ஓகையோவின் முறை இன்னும் நுட்பமானது. 2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அந்த முறையில், பாடசாலை அரசினதா தனியாரினதா என்று மட்டும் பார்த்து முத்திரை குத்தாமல், அணியில் உள்ள பிள்ளைகள் எங்கிருந்து வந்தவர்கள் என்று கணக்கெடுத்து, வெளியிலிருந்து வந்தவர்களுக்கேற்ப மாணவர் தொகையைக் கூட்டினார்கள். நிர்வாகச் சுமை அதிகம்தான். ஆனால் குற்றம் எங்கே இருக்கிறதோ அங்கே மாத்திரம் கை வைக்கும் முறை அது.

மினசோட்டா வேறொரு கோணத்தில் சிந்தித்தது. இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதி பெற்ற மாணவர் எண்ணிக்கையில் நாற்பது வீதத்தை மாணவர் தொகையிலிருந்து கழித்துவிட்டுப் பிரிவு நிர்ணயிக்கும் முறையை அது பின்பற்றி வந்தது. வறிய வீட்டுப் பிள்ளை பாடசாலை முடிந்ததும் வேலைக்குப் போகிறான், அல்லது தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்கிறான். அவன் ஏட்டில் இருப்பான், களத்தில் இருக்கமாட்டான். மதிய உணவுத் தட்டை எண்ணிப் பார்த்த அந்தச் சங்கத்தின் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

இந்தியானா தேர்ந்த வழி, வெற்றியையே அளவுகோலாக்குவது. இரண்டு ஆண்டுகளில் பெறும் வெற்றிப் புள்ளிகளைக் கூட்டி, மிகுதியாக வென்ற அணியை அடுத்த பிரிவுக்கு உயர்த்துகிறார்கள். இதன்படி 2013ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்ட இந்தியானாபொலிஸ் கதீட்ரல் பாடசாலை, உயர்த்தப்பட்ட பிரிவிலும் அதே ஆண்டிலேயே கிண்ணத்தை வென்றது. உயர்த்தியது சரியே என்பதற்கு அது சான்று என்பார்கள். எனக்கு இந்த முறையில் ஒரு தயக்கம் இருக்கிறது. வென்ற பையன்கள் படித்து முடித்துப் போய்விடுவார்கள். அவர்களது வெற்றிக்கான விலையை அடுத்து வரும் தம்பிகள் கட்டவேண்டும். பெரிய பாடசாலைக்கு அது தாங்கும். திறமையான தலைமுறையொன்று இருபது வருடத்துக்கு ஒருமுறை வாய்க்கும் சிற்றூருக்கு அது தாங்காது.

பிரிவுகளே வேண்டாம், எல்லோரும் ஒரே கிண்ணத்துக்கு ஆடட்டும் என்போரும் உளர். அதே இந்தியானாவில் 1954ஆம் ஆண்டில் 161 மாணவர்களே இருந்த மைலன் பாடசாலை, தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய மன்சி சென்ட்ரல் பாடசாலையை 32–30 என்று வென்று மாநிலக் கிண்ணத்தைக் கைப்பற்றிய கதையை அவர்கள் நினைவூட்டுவார்கள். 1986ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹூசியர்ஸ்' திரைப்படத்துக்கு வித்திட்டது அந்த வெற்றியே. உண்மைதான், ஆனால் அது கூடைப்பந்தாட்டம். ஐந்து நல்ல பையன்கள் கிடைத்தால் போதும். அந்தக் கூடைப்பந்தாட்டத்தையும் இந்தியானா 1997ஆம் ஆண்டோடு பிரிவுகளாக்கிவிட்டது. இருபத்திரண்டு உடல்கள் மோதிக்கொள்ளும் ஆட்டத்தில், ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் அற்புதத்துக்காக ஆண்டுதோறும் பிள்ளைகளை அடிபட விடுவது வீரம் ஆகாது.

மிகச் சிறிய பாடசாலைகள் தமக்கான வழியை எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. 1934ஆம் ஆண்டில், பொருளாதார மந்தம் வாட்டிய நெப்ராஸ்காவில், ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர், பதினொருவரைத் திரட்ட இயலாத பாடசாலைகளுக்காக அறுவர் ஆடும் ஆட்டத்தை வகுத்தார். மைதானம் எண்பது யார் நீளம், நாற்பது யார் அகலம். முன்னேற வேண்டிய தூரம் பத்து யார் அல்ல, பதினைந்து. டெக்சாஸின் கடைசிப் பிரிவுப் பாடசாலைகள் ஆடுவது இந்த ஆட்டத்தைத்தான். அங்கே அதை எவரும் இழிவாக நினைப்பதில்லை. ஊர் முழுவதும் அதற்கும் திரள்கிறது. பிள்ளைகளை ஆட்டத்தின் அளவுக்கு இழுக்காமல், ஆட்டத்தைப் பிள்ளைகளின் அளவுக்குத் தைத்த செயல் அது.

இதையெல்லாம் இலங்கைத் தமிழர் ஒருவர் படிக்கும்போது தரப்படுத்தல் என்ற சொல் நினைவுக்கு வராமல் இருக்காது. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதியில் முதலில் தரப்படுத்தலும், பின்னர் மாவட்டக் கோட்டாவும் வந்தபோது, யாழ்ப்பாணத்து மாணவருக்கு அது கதவடைப்பாக இருந்தது. வசதி குன்றிய மன்னார், வவுனியா மாணவர் சிலருக்கு அதே மாவட்டக் கோட்டா கதவைத் திறந்தது. ஒரு கிண்ணத்தை இழப்பதும் ஒரு வாழ்க்கையை இழப்பதும் ஒன்றல்ல என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும், எண்களை வைத்து மனிதரை வகுப்பவர்கள், அந்த எண் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்று இடைவிடாது கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்ற பாடம் இரண்டுக்கும் பொதுவானது.

என் முடிவு இதுதான். தலைகளை எண்ணும் முறையைக் கைவிடவேண்டியதில்லை. அதைவிட வெளிப்படையான தொடக்கம் வேறில்லை. ஆனால் எண்ணி முடித்ததும் கணக்கை மூடிவிடக்கூடாது. கதவு எவ்வளவு அகலம் என்று பார்க்கவேண்டும். பிள்ளைகளின் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். அலுமாரியில் எத்தனை கிண்ணங்கள் என்பதைக் கடைசியாகவே பார்க்கவேண்டும். சிறிய பாடசாலைகள் கேட்பது சலுகை அல்ல. வெல்லமுடியும் என்று நம்பி ஒரு பையன் களத்தில் இறங்குவதற்கு நியாயமான காரணம் ஒன்றைத்தான் கேட்கின்றன. அதைக் கொடுக்கமுடியாத சங்கம் எத்தனை பிரிவுகள் வகுத்தாலும், எத்தனை கிண்ணங்கள் வழங்கினாலும், அது வெறும் பங்கீடாகுமேயன்றி நீதியாகாது.